கலப்பையையும் வண்டியையும் இணைத்தவர்

எம்.கே.பி. நகரை அடுத்த செம்பியத்தில் உருவான டிராக்டர்கள் தாங்கிய பெயர்களுள் ஒன்று பெர்குசன். அவற்றைத் தயாரித்த டாஃபே நிறுவனம் சென்னையில் தோன்றிய 1960-ஆம் ஆண்டிலேயே, அக்டோபரில் ஹாரி பெர்குசன் மறைந்தார்.

1884-இல் அயர்லாந்தில் உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், 1909-இல் தாமே கட்டிய விமானத்தில் பறந்தவர். 1917-இல் டிராக்டர் உழவை மேம்படுத்தும் பொறுப்பு அரசால் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நாளில் கலப்பையைக் கொக்கியில் மாட்டி இழுத்தனர். அது பாறையில் சிக்கினால் முன்சக்கரங்கள் மேலெழ, வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநரைக் கொன்றது.

வண்டியையும் கலப்பையையும் ஒரே பொறியாகக் கருதிய பெர்குசன், மும்முனை இணைப்பையும் ஹைட்ராலிக் கட்டுப்பாட்டையும் உருவாக்கினார். மண்ணின் எதிர்ப்பே மேல்தண்டின் வழியாக முன்சக்கரங்களைத் தரையில் அழுத்தியது. எடை குறைந்த வண்டியும் ஆழ உழுதது. 1939-இல் ஃபோர்டு நிறுவனம் இம்முறையை ஏற்றது. பின்னர் அது உலகப் பொது முறையாயிற்று.

இன்று பழைய டிராக்டர் வாங்கும் சிறு உழவர்கள் குதிரைத்திறனை மட்டுமே கேட்கின்றனர். கீழ்த்தண்டு ஊசி 22 மில்லிமீட்டரா, 28 மில்லிமீட்டரா என்பதையும், கலப்பையின் எடையை வண்டி தாங்குமா என்பதையும் கேட்பதில்லை. பொருந்தாக் கலப்பையைக் கம்பியால் கட்டி ஓட்டுவது, பெர்குசன் நீக்கிய ஆபத்தை மீண்டும் வயலுக்குள் அழைப்பதாகும்.