தலைக்காயத்துக்கு வைத்தியம் வகுத்த டாக்டர் ராமமூர்த்தி

பேரும் புகழும் பெற்று மறைந்த பெரியோர் பலருடைய சரித்திரத்தை நம் சங்க ஏட்டில் அவ்வப்போது கண்டு வருகிறோம். இம்முறை நாம் எழுத எடுத்துக்கொண்டவர் அரசரும் அல்லர், புலவரும் அல்லர். தலையில் அடிபட்டு வந்த ஏழை எளியவர்களின் கட்டில் அருகே தம் ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்த ஒரு வைத்தியர். அவரைப் பற்றி நாம் ஏன் எழுத நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நேரம். நம் கடை வாசலில் லோரியிலிருந்து மூட்டை இறக்கிய தோட்டத்துப் பையன் ஒருவன் கால் வழுக்கிப் பின்புறமாக விழுந்தான். வயது இருபதுக்கு மேல் இராது. கணப்பொழுது கண் மூடிக் கிடந்தவன் தானே எழுந்து உட்கார்ந்து சிரித்தான். காதுக்கு மேலே சிறிது ரத்தம். நாம் என்ன செய்தோம்? காயத்தில் காப்பித்தூளை அப்பினோம். சுடச்சுடத் தேநீர் கொடுத்தோம். தலைவலி மாத்திரை இரண்டைக் கையில் வைத்து, போய்த் தூங்கு, காலையில் சரியாகிவிடும் என்று அனுப்பினோம். உபகாரம் செய்துவிட்ட திருப்தியோடு கடையையும் அடைத்தோம்.

இரவு அவன் இருமுறை வாந்தி எடுத்திருக்கிறான். பிறகு பலமாகக் குறட்டை விட்டிருக்கிறான். அலுப்பில் உறங்குகிறான் என்று உடன் இருந்தோர் எண்ணிக்கொண்டார்கள். விடியற்காலையில் எழுப்பினால் எழவில்லை. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து ஈப்போவுக்கும் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தது. ஆனால் வலது கை பழையபடி வரவில்லை. கொழுந்து பறிக்க வந்த பிள்ளை, கை விளங்காமல் ஊருக்குத் திரும்பினான். அந்தக் குறை நம்முடையது. வேறு யார் மீதும் நாம் அதைச் சுமத்த மாட்டோம்.

அதன்பின் இந்த விஷயத்தைப் பற்றிப் பலரிடமும் விசாரித்தோம். சென்னையில் நெடுங்காலம் வியாபாரம் செய்த நம் உறவினர் ஒருவர் சொல்லித்தான் டாக்டர் ராமமூர்த்தி அவர்களின் பெயர் நமக்குத் தெரிய வந்தது.

டாக்டர் பா. ராமமூர்த்தி 1922-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி சீர்காழியில் பிறந்தார். தகப்பனாரும் அரசாங்க வைத்தியர். திருச்சியில் பள்ளிப்படிப்பை முடித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று டாக்டரானார். 1947-இல் எடின்பரோவில் ரண வைத்தியத்துக்குரிய உயர்ந்த பட்டத்தைப் பெற்றார். அக்காலத்தில் மூளையில் கத்தி வைப்பது என்றாலே வைத்தியர்களும் அஞ்சுவார்கள். அந்த அரிய துறையைத்தான் அன்னார் தமக்கென்று தேர்ந்துகொண்டார்.

அதற்காக அவர் போய்ச் சேர்ந்த ஊர் இங்கிலாந்தின் நியூகாசில். நிலக்கரிச் சுரங்கமும் கப்பல் கட்டும் துறையும் நிறைந்த உழைப்பாளிகளின் ஊர் அது. அங்கே ரோபாதம் என்னும் டாக்டர் தலைக்காயங்களைப் பற்றியே தனி நூல் எழுதிப் பேர் பெற்றிருந்தார். அவரிடம் ராமமூர்த்தி பாடம் கேட்டார். பிறகு கனடாவில் மாண்ட்ரியல் நகரில் பெரும் மேதை பென்ஃபீல்டு அவர்களிடமும் சில மாதம் இருந்து கற்றார்.

சீமையிலேயே தங்கியிருந்தால் செல்வமும் செல்வாக்கும் வந்திருக்கும். ஆனால் அன்னார் ஊர் திரும்பினார். 1950 அக்டோபரில் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் மூளை ரண சிகிச்சையைத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டுதான், 1949-இல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவிலேயே முதன்முதலாக இத்துறையை ஆரம்பித்திருந்தார். இவ்விருவரும் வேறிரு வைத்தியர்களும் சேர்ந்து 1951-இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர். நாடு முழுவதற்கும் அன்று இத்துறையில் கைதேர்ந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இன்று மண்டைக்குள் இருப்பதைப் படம் பிடித்துக் காட்டும் ஸ்கேன் கருவி இருக்கிறது. அக்கருவியில் முதல் நோயாளியைப் பார்த்தது 1971-இல், லண்டனில். அதற்கு முன் இருபது ஆண்டுக்காலம் ராமமூர்த்தி போன்றோர் எதைக்கொண்டு வைத்தியம் பார்த்தார்கள்? கண்ணும் கையும் பொறுமையுமே அவர்களுடைய பிரதான கருவிகள். நோயாளி எழுப்பினால் எழுகிறானா, சொன்னது புரிகிறதா, கண்ணின் கருமணி இரண்டும் ஒரே அளவா, கை கால் இரண்டு பக்கமும் சமமாக அசைகின்றனவா, நாடி எப்படி ஓடுகிறது என்று மணிக்கணக்கில் பார்த்துக் குறித்து வருவார்கள். நிலைமை சரிகிறது என்று கண்டால், தாமதியாமல் மண்டையோட்டில் துளையிட்டு உறைந்த ரத்தத்தை வெளியேற்றுவார்கள்.

இது ஏன் அவசரம் என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். மண்டையோடு மூடிய பெட்டி போன்றது. காதுக்கு மேலே பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தில் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு விரிசல் கண்டால் அக்குழாயும் கிழியலாம். கசியும் ரத்தம் வெளியேற வழியில்லாமல் மூளையை அழுத்தத் தொடங்கும். ஆனால் அது நிறைவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அந்த இடைவேளையில் அடிபட்டவன் எழுந்து நடப்பான், பேசுவான், சிரிப்பான். நம் கடை வாசலில் அந்தப் பிள்ளை சிரித்தது அந்தச் சிரிப்புத்தான். நாம் அதைச் சுகம் என்று எண்ணினோம். கெடு ஓடிக்கொண்டிருந்தது நமக்குத் தெரியவில்லை.

டாக்டர் ராமமூர்த்தி தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. பல மாணவர்களை உருவாக்கினார். 1970-களில் பொது மருத்துவமனையில் நரம்பியல் நிலையம் அமைந்ததற்கு அவரே காரணர். பின்னர் டாக்டர் சஞ்சீவி அவர்கள் நிறுவிய அடையாறு வாலன்டரி ஹெல்த் சர்வீஸ் ஆஸ்பத்திரியிலும் மூளை ரண சிகிச்சைப் பகுதியை ஏற்படுத்தினார். இந்திய அரசு 1973-இல் பத்மபூஷண் விருது வழங்கியது. 2003 டிசம்பர் 13-ஆம் தேதி அன்னார் காலமானார். தம் வாழ்க்கையை ஆங்கிலத்தில் நூலாக எழுதி, வழியெல்லாம் ஏற்றமே என்று பொருள்படும் தலைப்பை அதற்குச் சூட்டியிருந்தார். மலையில் வாழும் நமக்கு அத்தலைப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இத்துறைக்கு உழைத்தோர் வேறு பலரும் உண்டு. அரபு நாட்டு லாரன்ஸ் என்று சரித்திரத்தில் பேர் பெற்றவர் 1935-இல் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலைக்காயத்தால் இறந்தார். அவரைக் கவனித்த வைத்தியர்களில் ஒருவரான டாக்டர் கெய்ர்ன்ஸ், தலைக்கவசம் உயிர் காக்கும் என்பதைப் பின்னர் ஆராய்ந்து 1941-இல் வெளியிட்டார். நம் மலேசியாவிலும் 1973 முதல் தலைக்கவசம் சட்டமாகிவிட்டது. ஆயினும் கடைக்குத்தானே, லயத்துக்குத்தானே என்று வெறுந்தலையோடு வண்டி ஓட்டுவோரை நாம் தினமும் காண்கிறோம். 1974-இல் கிளாஸ்கோ நகர வைத்தியர் இருவர் ஒரு கணக்கை வகுத்தனர். இன்று வழங்கும் வடிவில் அது கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என்று மொத்தம் 15 மதிப்பெண் கொண்டது. 8-உம் அதற்குக் குறைவும் கடும் ஆபத்து. இன்று உலகெங்கும் ஆஸ்பத்திரிகளில் இக்கணக்கே வழங்குகிறது.

இனி நம்மவர் செய்ய வேண்டியது என்ன? தலையில் அடிபட்டவன் சிறிது நேரமேனும் நினைவிழந்தால், நடந்ததை மறந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், வலிப்பு வந்தால், குழறிப் பேசினால், மயக்கமாகவே இருந்தால், கருமணி ஒன்று பெரிதானால், ஒரு பக்கம் பலவீனப்பட்டால், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீரோ ரத்தமோ வந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. 999-க்கு அழைக்க வேண்டும். முதியோரும், ரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுவோரும் இவ்வடையாளங்கள் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் போவதே நலம்.

உதவி வரும்வரை மூச்சைக் கவனியுங்கள். கழுத்திலும் அடிபட்டிருக்கலாம் ஆதலால் தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்கிப் பிடியுங்கள். வாந்தி வந்தால் தலையும் உடலும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ரத்தம் வடிந்தால் சுத்தமான துணியால் அழுத்துங்கள். எலும்பு உள்ளே பதிந்த இடத்தில் மட்டும் அழுத்தாதீர்கள். காப்பித்தூளும் தைலமும் வேண்டாம். வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். ஆஸ்பிரின் மாத்திரை கூடவே கூடாது, அது ரத்தக் கசிவை அதிகப்படுத்தும். விழுந்த மணி நேரத்தைக் குறித்து டாக்டரிடம் சொல்லுங்கள். பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினாலும் முதல் 24 மணி நேரம் அவனைத் தனியே விடாதீர்கள். எழுப்ப முடியாத உறக்கம் உறக்கமல்ல, அது ஆபத்து.

நாம் இருப்பதோ மலை. தானா ராத்தாவிலிருந்து தாப்பா இறங்கும் பழைய பாதை ஏறக்குறைய 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. மண்டையைத் திறந்து வைத்தியம் செய்யும் இடத்துக்குப் போய்ச் சேரவே நேரம் கழிந்துவிடும். ஆகையால் இங்கே கடை வாசலில், லயத்தில், கொழுந்துக் காட்டில் நாம் வீணாக்கும் ஒவ்வொரு நாழிகையும் அந்தப் பாதையை இன்னும் நீளமாக்குகிறது. இன்று நம் தோட்டங்களில் கொழுந்து பறிப்போரில் பலர் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் தாய் இல்லை, தகப்பன் இல்லை. இரவில் எழுப்பிப் பார்க்க நாம்தான் இருக்கிறோம்.

மேலே சொன்ன அடையாளங்களை ஒரு தாளில் எழுதி நம் கடையில் பணப்பெட்டிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறோம். அன்பர்களும் தத்தம் கடையிலும் வீட்டிலும் அப்படிச் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். ஸ்கேன் கருவி இல்லாத நாளில் டாக்டர் ராமமூர்த்தி நோயாளியின் அருகே விழித்திருந்து பார்த்தார். ஓர் இரவு விழித்திருந்து பார்ப்பதற்குப் பட்டம் எதுவும் வேண்டாம், அது நம்மாலும் ஆகும். அன்று நாம் அதைச் செய்யவில்லை. இதைப் படிக்கும் நீங்கள் செய்யுங்கள்.