ஐந்து தடவை அகற்றப்பட்ட ஆயர்

கிறிஸ்து கடவுளால் படைக்கப்பட்டவரே என எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஆரியுஸ் என்னும் குரு போதித்தார். 325 ஆம் ஆண்டு கூடிய நீசேயா பொதுச்சங்கம் அதனை நிராகரித்தது. தமது ஆயருடன் இளம் தியாக்கோனாக அங்கு சென்றிருந்த அத்தனாசியார், 328 இல் அந்நகரின் ஆயரானார்.

படைக்கப்பட்ட ஒருவரால் இறைவனின் மகிமையையும் பரிசுத்தத்தையும் உள்ளவாறு வெளிப்படுத்தவோ மனிதனை மீட்கவோ இயலாது என்பதே அவரது வாதம். கறைபடிந்து அழிந்த ஓவியத்தைப் புதுப்பிக்க, அதில் வரையப்பட்டவரே மீண்டும் வந்து அமரவேண்டும். அவ்வாறே மனிதனில் மங்கிய இறைசாயலைப் புதுப்பிக்க இறைமகனே மனிதரானார் என அவர் விளக்கினார்.

பேரரசின் ஒற்றுமைக்காக இணக்கப்பாட்டை நாடிய ஆட்சியாளர்களுக்கு இவ்வுறுதி இடையூறாயிற்று. நான்கு பேரரசர்களின் காலத்தில் ஐந்து தடவை அவர் தமது நகரிலிருந்து அகற்றப்பட்டார். ஏறத்தாழ 17 ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 356 இல் படையினர் ஆலயத்தைச் சூழ்ந்தபோது தப்பிச்சென்று, பாலைவனத் துறவிகளிடையே மறைந்து வாழ்ந்தார்.

373 இல் அவர் தமது நகரிலேயே காலமானார். நீசேயாவின் விசுவாசத்தை 381 இல் கொன்ஸ்தாந்திநோபிள் பொதுச்சங்கம் மீளவும் உறுதிப்படுத்தியதைக் காண அவர் உயிருடன் இருக்கவில்லை. எனினும், ஆட்சியாளரின் விருப்பத்திற்கேற்ப உண்மையை வளைக்க மறுத்தமையே அவரது வாழ்வின் பெறுமதி என நாம் கருதுகிறோம்.