பாட மறுத்த பாவலர்

திருப்பதிக்குப் போகும் நம்மவரில் பலர், பக்கத்திலேயே இருக்கும் சந்திரகிரிக் கோட்டையை எட்டிப் பாராமலே திரும்பிவிடுகின்றனர். 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துவிட்ட ஊர் அது. அங்கே கோலோச்சிய சாளுவ நரசிம்மனுக்கும் ஒரு பாட்டுப் புலவருக்கும் மூண்ட வழக்கைச் சொல்லவே எழுதுகிறேன். புலவர் தாளப்பாக்கம் அன்னமாசாரியார்.

இராஜம்பேட்டைக்கு அருகிலுள்ள தாளப்பாக்கத்தில் 1408-இல் பிறந்தார். இளமையிலேயே வீட்டை விட்டுத் திருமலை ஏறி, வைணவரானார். பதினாறாம் வயதில் பாடத் தொடங்கியவர், நாளுக்கு ஒரு பாட்டாவது பாடாமல் விட்டதில்லை என்பர். மனைவி திம்மக்காவும் கவி பாடியவரே. அன்னமாசாரியாரின் வாழ்வைப் பேரர் சின்னண்ணா தெலுங்குக் கவிதையாக எழுதி வைத்தார். நான் இங்கே சொல்வது பெரும்பாலும் அவர் காட்டும் கதைதான்.

நரசிம்மன் கொடியவன் அல்லன். திருமலைக் கோயிலுக்கு அவன் செய்த அறக்கட்டளைகளைக் கல்வெட்டுகள் இன்றும் சொல்கின்றன. புலவரிடம் அவனுக்கு அளவற்ற மதிப்பு. அவரை அழைத்து அருகில் வைத்துக்கொண்டான், பொருள் கொடுத்தான், அவரும் பெற்றுக்கொண்டார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வயிறு உள்ள கலைஞனுக்குப் புரவலன் வேண்டும்.

ஒருநாள் அரசவையில் அலர்மேல்மங்கையின் அழகையும் காதலையும் பற்றிய பதம் ஒன்றை அவர் பாடினார். அரசன் உருகிப் போனான். உருகியவன், தன்மீதும் அப்படியே ஒரு பதம் பாடும்படி கேட்டான். புலவர் செவிகளைப் பொத்திக்கொண்டார். இறைவனைப் பாடும் நாவால் மனிதனைப் பாட இசையேன் என்று மறுத்துவிட்டார்.

நண்பர்களே, இந்த மறுப்பின் அளவைக் கவனிக்க வேண்டும். அவையில் பாடமாட்டேன் என்றோ, உன் பொருள் வேண்டாம் என்றோ அவர் சொல்லவில்லை. கேட்கும் உரிமையை அரசனுக்குத் தந்திருந்தார். எதைப் பாடுவது என்னும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அரசனோ, முதலாவதைப் பெற்றதால் இரண்டாவதும் தன்னுடையதே என்று எண்ணிவிட்டான். நட்பு நீண்டதாலும் பரிசில் பெருகியதாலும் இசைவும் தானே வந்துவிடும் என்பது அவன் கணக்கு. நம் புறநானூற்றுப் பெருஞ்சித்திரனாரும், தம்மை நேரில் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தவர்தாம். ஆனால் அவருக்கு வேறு ஊருக்குப் போக வழி இருந்தது. அன்னமாசாரியார் அரசனின் பிடிக்குள்ளேயே நின்று மறுத்தார்.

விலங்கு பூட்டினார்கள். சிறையில் அவர் திருவேங்கடவனை நோக்கிப் பாட, தளை தெறித்து வீழ்ந்தது என்கிறது கதை. அரசன் நம்பாமல் மீண்டும் பூட்டச் செய்ய, மீண்டும் கழன்றதாம். நம்புவோர் நம்பலாம், எனக்கு அதைவிடப் பெரிய அற்புதமாகத் தோன்றுவது அடுத்து நடந்தது. அரசன் புலவரின் அடி பணிந்து மன்னிப்புக் கேட்டான். தான் கேட்ட பாட்டைப் பிறகு கேட்கவில்லை. 1485-இல் விஜயநகர அரியணையையே பிடித்தவனுக்கு இது எளிதாகவா இருந்திருக்கும்?

அதன்பின் புலவரின் மனம் திருமலையிலேயே நிலைத்தது. 1503-இல் மறைந்தார். அவர் பாடியவை முப்பத்திரண்டாயிரம் என்பது மரபு. மகன் பெரிய திருமலாசாரியார் காலத்தில் அவை செப்பேடுகளில் பொறிக்கப்பெற்றுக் கோயிலுக்குள் ஒரு சிறு கல்லறையில் வைக்கப்பட்டன. பின்னர் உலகம் அவற்றை மறந்தே போயிற்று. 1922-இல்தான் மீண்டும் வெளிவந்தன. கிடைத்த பாடல்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். சாளுவ நரசிம்மன் கேட்ட அந்தப் பதம் மட்டும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.