உபகாரச் சம்பளத்தை இழந்த கணித மேதை

செஞ்சிக் கோட்டை என்றதும் ராஜா தேசிங்கின் நினைவு வரும். 1714-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்துப் போரிட்டு மடிந்த இளைஞர் அவர்.

அதே தென்னாற்காடு மண்ணுக்கு, சுமார் 200 ஆண்டுகளுக்குப் பிறகு இன்னோர் இளைஞர் வந்தார். அவர் கையில் வாள் இல்லை. கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகம்தான் இருந்தது. அவர் போராடியது வறுமையோடு!

அவர்தான் கணித மேதை ராமானுஜன்.

குமாஸ்தாவின் மகன்

ராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை சீனிவாச அய்யங்கார் புடவைக் கடையில் குமாஸ்தா. மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடிச் சிறிது பணம் சம்பாதித்தார். வெளியூர் மாணவர்களை வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு போட்டதிலும் கொஞ்சம் வருமானம் வந்தது.

1904-ல் ராமானுஜன் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். கணக்கில் பரிசு வாங்கினார். கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் எப்.ஏ. படிக்க உபகாரச் சம்பளமும் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 16.

உதவி நின்றது

கல்லூரியில் அவர் கணக்கிலேயே மூழ்கினார். மற்றப் பாடங்களைப் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார். உடனே உபகாரச் சம்பளம் நின்றது! தாயார் கல்லூரி முதல்வரிடம் சென்று முறையிட்டார். விதியை மாற்ற முடியாது என்று அவர் கூறிவிட்டார்.

கல்லூரிக் கட்டணம் ஒரு பருவத்துக்கு 32 ரூபாய். அது தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளம்.

1905 ஆகஸ்டில் ராமானுஜன் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரெயில் ஏறிவிட்டார். பிறகு வீடு திரும்பினார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் முயன்றார். எப்.ஏ. தேறவில்லை. பட்டம் இல்லை; வேலையும் இல்லை.

திருக்கோவிலூர் பயணம்

1909-ல் ஜானகியுடன் திருமணம் நடந்தது. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டுமே! 1910-ல் விழுப்புரம் வழியாகத் திருக்கோவிலூர் சென்றார். செஞ்சியும் திருக்கோவிலூரும் அப்போது ஒரே தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தன.

அங்கே துணை கலெக்டராக இருந்தவர் வி.ராமசாமி அய்யர். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ல் தொடங்கியவர் அவர்தான். அவரிடம் ராமானுஜன் கேட்டது தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை.

ராமசாமி அய்யர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். வியந்தார். இந்த அறிவு தாலுகா ஆபீசில் வீணாகக்கூடாது என்று எண்ணினார். கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

அதன் மூலம் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவின் அறிமுகம் கிடைத்தது. அவர் மாதம் 25 ரூபாயைத் தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்து உதவினார்.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1914-ல் அவர் இங்கிலாந்து சென்றார். 1918-ல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது.

ஏழைப் பிள்ளைகளுக்காக

1919 ஜனவரியில் ராமானுஜன் லண்டனில் நோயாளியாக இருந்தார். அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுக்க சென்னைப் பல்கலைக்கழகம் முன்வந்தது.

ராமானுஜன் பதில் எழுதினார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். தம் செலவு போக மிஞ்சுவதைக் கல்விக்குச் செலவிட வேண்டும், ஏழைச் சிறுவர்கள், அனாதைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கலாம், புத்தகம் வாங்கித் தரலாம் என்று குறிப்பிட்டார்.

1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 32.

அந்தக் குறுகிய வாழ்வில் 5 ஆண்டுகளுக்கு மேல் உபகாரச் சம்பளம் இல்லாமலே கழிந்தது.

அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது.

படிக்கும் வயதில் கை கொடுப்பதே உதவி. அதைத் தன் வாழ்க்கையில் பட்டு அறிந்தவர் ராமானுஜன்!