சாதி பாராத தொட்டில்

விடியும் முன்பே நம் பெண்கள் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் விட்டுவந்த பெண்பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கவலையும் அவர்களோடு மலையேறுகிறது. தாய் இருக்கும் பிள்ளைக்கே இந்த நிலை என்றால், ஆதரவற்ற பிள்ளைக்கு? இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி அடிவாரத்தில், திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரில், அந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்தவர் ஏமி கார்மைக்கேல்.

1867 டிசம்பர் 16 அன்று அயர்லாந்தில் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். இளவயதில் பெல்பாஸ்ட் நகரின் ஆலைத் தொழிலாளிப் பெண்களிடையே பணியாற்றினார். தொப்பி வாங்க வழியின்றித் தலையில் சால்வை போர்த்திய அந்தப் பெண்கள் தேவாலயத்துக்குள் வருவதை வசதி படைத்தோர் விரும்பவில்லை. அவர்களுக்கெனத் தனியே ஒரு கூடம் எழுப்பினார் ஏமி.

1895இல் இந்தியா வந்தார். தமிழ் கற்றார், சேலை உடுத்தினார். 1901 மார்ச்சில், பொட்டுக்கட்டப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அந்த ஒரு பிள்ளையிலிருந்து வளர்ந்ததுதான் டோனாவூர் இல்லம். 1913இல் அங்கே 130 பிள்ளைகள் இருந்தனர்.

அவர்கள் பல சாதிப் பிள்ளைகள். எல்லோரும் தலித்துகள் அல்லர். இந்தப் பத்தியில் அவரை நாம் நினைவுகூரக் காரணம் வேறு. கைக்குழந்தையைக் கழுவிக் குளிப்பாட்டி வளர்ப்பது தாழ்ந்த வேலை என்ற எண்ணம் அன்று கிறித்தவர்களிடமும் இருந்தது. அந்த வேலையை அவர் தாமே செய்தார். பொன்னம்மாள் போன்ற தமிழ்ப் பெண்கள் தோள்கொடுத்தனர். பிள்ளைகள் ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி வளர்ந்தனர்.

அவர் சமயப் பணிக்காக வந்தவர். பிள்ளைகளையும் அந்த நம்பிக்கையிலேயே வளர்த்தார். பொட்டுக்கட்டுதலை ஒழிக்கும் சட்டம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலியோரின் நெடிய போராட்டத்துக்குப் பின் 1947இல்தான் வந்தது. அதுவரை பிள்ளைகளால் காத்திருக்க முடியாது என்பதை அறிந்து செயல்பட்டவர் ஏமி.

1931இல் கீழே விழுந்து கால் முறிந்தது. பிறகு பெரும்பாலும் படுக்கையிலிருந்தே எழுதினார், இல்லத்தையும் வழிநடத்தினார். 1951 ஜனவரி 18 அன்று மறைந்தார். அவர் விருப்பப்படி கல்லறைக் கல் நடவில்லை. பறவைகள் நீர் அருந்த ஒரு தொட்டி வைத்தனர்.

அதே 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் நம் பிள்ளைகள் இருப்பது மலைக்குக் கீழே. ஜீப் புறப்படும் நேரத்துக்கே திறக்கும் காப்பகம் நம் தெருக்களில் வேண்டும். அடுத்த கிராமசபையில் இதைக் கேட்போம்.