முதலில் இறங்கியவர்!

இந்திய விமானப்படையின் வரலாற்றில் திருச்சிராப்பள்ளிக்கு ஓர் இடம் உண்டு என்பது காவிரிக் கரையில் வாழும் நம்மில் பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போர் இந்தியாவின் கிழக்கு எல்லையை நெருங்கியிருந்த நேரத்தில், 1942 டிசம்பர் 1 அன்று, விமானப்படையின் 6-ஆவது ஸ்குவாட்ரன் அங்குதான் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் 27 வயதே நிரம்பிய மெஹர் சிங். சக விமானிகளுக்கு அவர் 'பாபா'.

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020-ஆம் ஆண்டு சுகோய் போர் விமானங்கள் நிலைகொண்டது முதல், டெல்டா வானில் அவற்றின் முழக்கத்தைக் கேட்டதும் அண்ணாந்து பார்க்காதவர் இல்லை. அரிசியும் மருந்தும் ஆள்களும் ஏற்றிச் செல்லும் போக்குவரத்து விமானத்துக்கு அந்தக் கவர்ச்சி கிடையாது. ஆனால், போர்க்களத்திலும் பேரிடரிலும் மக்களின் உயிரைக் காப்பதில் அதற்கு உள்ள பங்கு பெரிது. அதை இந்தியாவுக்கு முதலில் உணர்த்தியவர்களுள் முதன்மையானவர் மெஹர் சிங்.

1915 மார்ச் 20 அன்று, இன்று பாகிஸ்தானில் ஃபைசலாபாத் என்று வழங்கும் லயால்பூரில் அவர் பிறந்தார். இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் பயிற்சி பெற்று, 1936-இல் அதிகாரியானார். அப்போது இந்திய விமானப்படை என்பது ஒரே ஒரு ஸ்குவாட்ரன்தான். வடமேற்கு எல்லையின் வஜீரிஸ்தான் மலைகளுக்கு மேல், 'வாபிட்டி' என்ற இரட்டை இறக்கை விமானத்தில் அவர் பறந்தார். முன்னிருக்கையில் விமானி, பின்னிருக்கையில் துப்பாக்கி வீரர். அவ்வளவே அதன் குழு.

ஒருமுறை தரையிலிருந்து சுடப்பட்ட குண்டுகளால் அவரது விமானம் பழுதுபட்டு, எதிரிகள் நிறைந்த பள்ளத்தாக்கில் விழுந்தது. அவரும் துப்பாக்கி வீரர் குலாம் அலியும் உயிர் தப்பினர். இருளின் மறைவில், துரத்தி வந்தவர்களின் கண்ணில் படாமல் மலைப்பாதையில் நடந்து, ராணுவக் காவல் நிலை ஒன்றை இருவரும் அடைந்தனர். விரைவிலேயே மெஹர் சிங் மீண்டும் பறக்கத் தொடங்கிவிட்டார். ஒரு சீக்கியரும் ஒரு முஸ்லிமும் தங்கள் உயிரை ஒருவர் கையில் ஒருவர் ஒப்படைத்திருந்த அந்த விமானப்படை, அடுத்த பத்தாண்டுகளில் நாட்டோடு சேர்ந்து இரண்டாகப் பிரிக்கப்பட இருந்தது.

திருச்சியில் உருவான 6-ஆவது ஸ்குவாட்ரன், ஹரிகேன் விமானங்களுடன் 1943 இறுதியில் பர்மா முனைக்குச் சென்றது. எதிரியின் நடமாட்டத்தை உளவறிந்து படம் பிடிப்பது அதன் பணி. விமானங்கள் இரண்டிரண்டாகப் பறந்தன. ஒருவர் தரையைக் கவனிப்பார். மற்றவர் எதிரி விமானம் வருகிறதா என்று வானத்தைக் கவனிப்பார். தன் முதுகைத் தோழர் காப்பார் என்ற உறுதி இல்லாமல் தரையை உற்றுநோக்க எந்த விமானியாலும் இயலாது. பதினான்காவது ராணுவத்தின் கண்கள் என்று அந்த ஸ்குவாட்ரன் பெயர் பெற்றது. 1944-இல் மெஹர் சிங்குக்கு டி.எஸ்.ஓ. விருது வழங்கப்பட்டது. அப்போரில் அவ்விருதைப் பெற்ற ஒரே இந்திய விமானப்படை அதிகாரி அவர்தான்.

விமானப் பணியில் பெயருக்குத் தனி இலக்கணம் உண்டு. வானொலித் தொடர்பின்போது விமானிகள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அழைப்புப் பெயர் தரப்பட்டிருக்கும். இரைச்சலுக்கு இடையிலும் குழப்பமின்றிக் கேட்க வேண்டும்; ஒட்டுக்கேட்கும் எதிரிக்கு ஆள் யாரென்று தெரியக் கூடாது என்பவை அதற்கான காரணங்கள். அந்தப் பெயரை மேலிடம் வழங்கும்; தேவைப்பட்டால் மாற்றும். ஆனால் 'பாபா' போன்ற பெயரைத் தோழர்கள்தாம் தர முடியும். மூத்தவர், பெரியவர் என்று பொருள்படும் அப்பெயரை முப்பது வயதைச் சுற்றியிருந்த ஒருவருக்கு அவர்கள் சூட்டியிருக்கிறார்கள் என்றால், அது வயதைப் பார்த்துத் தந்த மரியாதை அன்று.

அந்த நம்பிக்கைக்கு 1947-இல் பெரும் சோதனை வந்தது. அக்டோபர் 27 அன்று 12-ஆவது ஸ்குவாட்ரனின் டகோட்டா விமானங்களும் தனியார் நிறுவன விமானங்களும் தில்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு வீரர்களை ஏற்றிச் சென்றன. ஐந்து நாள்களில் ஒரு பிரிகேடு படை அங்கே சேர்க்கப்பட்டது. ஏர் கமடோர் மெஹர் சிங், காஷ்மீர் போர்முனையின் விமானப்படைத் தலைவராகச் செயல்பட்டார்.

பூஞ்ச் நகரமோ முற்றுகையில் சிக்கியிருந்தது. அங்கு ராணுவத்தினருடன் ஆயிரக்கணக்கான அகதிகளும் அடைபட்டுக் கிடந்தனர். பிரிகேடியர் பிரீதம் சிங்கின் வீரர்களும் அகதிகளும் சேர்ந்து மண்ணைக் கொத்திச் சமன்படுத்தி ஒரு சிறிய ஓடுதளத்தை அமைத்தனர். சுற்றிலும் மலை, மூன்று புறமும் ஓடை. 1947 டிசம்பரில் அத்தளத்தில் முதல் டகோட்டாவை இறக்கியவர் மெஹர் சிங். பின்னாளில் விமானப்படைத் தளபதியான சுப்ரதோ முகர்ஜியும் அந்த விமானத்தில் இருந்தார்.

பொருளியல் பயின்றவன் என்ற முறையில் ஒரு கணக்கை இங்கே சொல்ல வேண்டும். டகோட்டா ஏற்றிய சுமை ஏறத்தாழ மூன்று டன். நம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பத்தில் கணக்கிட்டால் 75 சிப்பம்தான். ஒரு லாரி இதைவிட அதிகம் ஏற்றிவிடும். ஆனால் சாலையே இல்லாத இடத்தில் லாரிக் கணக்கு செல்லாது. வேறு வழி இல்லை என்ற நிலையில் ஒரு மூட்டை அரிசியின் மதிப்பைச் சந்தை விலை சொல்லாது.

போன விமானம் வெறுமையாகத் திரும்பவில்லை. உணவும் வெடிபொருளும் இறக்கிய பின், காயமுற்றோரையும் அகதிகளையும் ஏற்றி வந்தது. எண்ணெய் விளக்குகளின் ஒளியில் இரவிலும் பீரங்கிகளைக் கொண்டு இறக்கினர். குண்டுவீச்சுக்கென்று அமைக்கப்படாத அதே விமானத்தின் சரக்கு வாசல் வழியாகக் குண்டுகளைக் கையால் உருட்டித் தள்ளினர். விமானி, துணை விமானி, திசை கணிக்கும் நேவிகேட்டர், வானொலியைக் கவனிக்கும் சிக்னலர் ஆகியோரில் ஒருவர் தவறினாலும் அனைவரும் மடிவர். 1948 நவம்பரில் தரைவழி திறக்கும் வரை, ஓராண்டு காலம் பூஞ்ச் தாக்குப்பிடித்தது.

இடையில் லே நகருக்கும் ஆபத்து வந்தது. லடாக்கின் பொறியாளர் சோனம் நோர்பு, சிந்து நதிக்கரை மணலில் ஓடுதளம் ஒன்றை அமைத்தார். அது கடல்மட்டத்திலிருந்து சுமார் 11,500 அடி உயரம். வழியை முறையாகக் காட்டும் வரைபடம் இல்லை. காற்றழுத்தம் காக்கும் வசதி டகோட்டாவில் இல்லை. 1948 மே 24 அன்று, ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு, சோஜி லா கணவாயைக் கடந்து மெஹர் சிங் லேயில் இறங்கினார். அதன்பின் படைவீரர்களை ஏற்றிய விமானங்கள் தொடர்ந்தன, லே காக்கப்பட்டது.

பூஞ்ச், லே ஆகிய இரண்டு இடங்களிலும் ஒரே முறையைக் காண்கிறோம். ஆபத்தான ஓடுதளத்தில் இறங்குமாறு இளைய விமானிக்கு ஆணையிட அவருக்கு அதிகாரம் இருந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை; தாமே முதலில் இறங்கினார். தலைவர் இறங்கிய இடத்தில் தாமும் இறங்க முடியும் என்ற எண்ணமே மற்றக் குழுவினரை வழிநடத்தியது. எந்த வரவு-செலவுத் திட்டத்திலும் ஒதுக்க முடியாத மூலதனம் இது.

அவர் 1948-இலேயே, 33 வயதில், விமானப்படையிலிருந்து விலகினார். பின்னர் பாட்டியாலா மகாராஜாவின் ஆலோசகராக இருந்தார். அரசு அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கியது. 1952 மார்ச்சில், ஜம்முவிலிருந்து தில்லிக்குச் சிறு விமானத்தில் சென்றபோது புயலில் சிக்கி உயிர் நீத்தார். 37-ஆவது பிறந்த நாளுக்குச் சில நாள்களே இருந்தன.

இந்தப் பணியின் ஆபத்து அவரோடு முடிந்துவிடவில்லை. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏஎன்-32 போக்குவரத்து விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. ஏறத்தாழ 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடப்பது 2024 ஜனவரியில்தான் தெரியவந்தது. பெயர் தெரியாத குழுவினர் நமக்காக நாள்தோறும் பறக்கிறார்கள் என்பதை, விபத்து நேரும்போது மட்டும் நாம் நினைவுகூர்கிறோம்.

பேரிடர்க் காலத்தில் நிவாரணப் பொருள்களைக் கொண்டு சேர்க்கும் ட்ரோன் கூட்டங்களை உருவாக்க, விமானப்படை 2018-இல் ஒரு போட்டியை அறிவித்து, அதற்கு மெஹர் பாபாவின் பெயரைச் சூட்டியது. அதே ஆண்டு நவம்பரில் கஜா புயல் பேராவூரணி, பட்டுக்கோட்டை வட்டாரத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. விழுந்த மரங்களால் சாலைகள் அடைபட்ட அந்த நாள்களை அனுபவித்தவர்களுக்கு, வான்வழி உதவியின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

பஞ்சாபில் பிறந்து, திருச்சியில் ஒரு படைப்பிரிவைத் தொடங்கி, காஷ்மீரிலும் லடாக்கிலும் மக்களைக் காத்தவரின் வாழ்க்கை நம் பள்ளிப் பாடநூலில் இடம்பெற வேண்டும். 6-ஆவது ஸ்குவாட்ரன் பிறந்த டிசம்பர் 1-ஐ, திருச்சி, தஞ்சைக் கல்லூரிகளின் தேசிய மாணவர் படையினர் ஆண்டுதோறும் நினைவுகூரலாம். இதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

கட்டுரையாளர்:
பொருளியல் பேராசிரியர் (பணி நிறைவு), பேராவூரணி.