ரேடியேட்டருக்குள் 8,070 குழாய்கள்: இன்ஜின் சூட்டைத் தணித்த மேபாக்

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஒரு மோட்டார் ஹோம் மலை ஏறுகிறது. வண்டி நகர்வதோ மெதுவாக, இன்ஜின் உழைப்பதோ முழு மூச்சாக. சூடு ஏறும், முன்னால் மோதுகிற காற்றோ குறைவு. அப்போதும் இன்ஜின் கொதிக்காமல் தாக்குப்பிடிக்கிறதென்றால், அதற்கு வழி காட்டியவர் 1929-லேயே இறந்துபோன ஒரு ஜெர்மானியர்: வில்ஹெல்ம் மேபாக்.

1846-ல் ஹைல்பிரான் நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். 10 வயதுக்குள் அம்மா, அப்பா இருவருமே போய்விட்டார்கள். ராய்ட்லிங்கனில் இருந்த ஆதரவற்றோர் இல்லம்தான் வளர்த்தது. இல்லத்தோடு ஒரு இயந்திரப் பட்டறையும் இருந்தது. வரைபடம் போடக் கற்றது அங்கேதான். பட்டறையை நிர்வகிக்க வந்த காட்லீப் டைம்லர், பையனின் திறமையைக் கண்டுகொண்டார். அப்புறம் டைம்லர் எங்கே வேலைக்குப் போனாலும் மேபாக்கும் கூடவே போனார்.

1880-களில் இருவரும் சேர்ந்து, வேகமாகச் சுழலும் சிறிய பெட்ரோல் இன்ஜினை உருவாக்கினார்கள். வேகமும் சக்தியும் கூடக் கூட, சூடுதான் தலைவலியானது. பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போவதே இல்லை. ஒரு பங்கு புகையோடு போகும். இன்னொரு பங்கு இன்ஜினின் உலோகத்தில் ஏறும். அதை வெளியேற்றாவிட்டால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும். ஆரம்ப காலத்து கார்களில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். 1888-ல் கணவரின் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிய பெர்த்தா பென்ஸ், வழிநெடுக தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக நேர்ந்தது இதனால்தான்.

1900 மார்ச்சில் டைம்லர் இறந்தார். அதே மாதம் பிரான்ஸின் நீஸ் அருகே மலையேற்றப் பந்தயத்தில், உயரமும் எடையும் மிகுந்த டைம்லர் கார் மோதி, ஓட்டுநர் வில்ஹெல்ம் பாவர் உயிரிழந்தார். தாழ்வான, எடை குறைந்த, சக்தி கூடிய கார் வேண்டும் என்று வியாபாரி எமில் ஜெலினெக் விடாப்பிடியாக நின்றார்.

35 குதிரைத்திறன் என்றால் சூடும் அதிகம். அதற்காகத் தண்ணீரைக் கூட்டினால் எடை ஏறும். மேபாக் தண்ணீரைக் குறைத்தார்! 6 மில்லிமீட்டர் அளவுள்ள 8,070 சதுரக் குழாய்களைத் தேன்கூடு போல அடுக்கினார். குழாய்களுக்குள் காற்று, அவற்றின் இடுக்குகளில் தண்ணீர். காற்றுபடும் பரப்பு பல மடங்கு கூடியதால், 9 லிட்டர் தண்ணீரே போதுமானது. முன்பு தேவைப்பட்டதில் பாதி. மெதுவாகப் போகும்போது காற்றை இழுக்க, பின்னால் ஒரு சின்ன ஃபேன். மோட்டார் ஹோமை மேட்டில் காப்பாற்றுவதும் இந்த ஃபேன் யோசனைதான்.

1901-ல் நீஸ் பந்தயங்களை அந்த கார் அள்ளிக்கொண்டது. பெயர் என்னவோ ஜெலினெக்கின் மகளுடையது: மெர்சிடஸ். வடிவமைத்தவர் 1907-ல் நிறுவனத்தைவிட்டே வெளியேறினார். பிறகு மகன் கார்லோடு சேர்ந்து செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்கான இன்ஜின் தயாரிப்பில் இறங்கினார். மேபாக் என்ற பெயரில் சொகுசு கார்களைக் கொண்டுவந்ததும் அந்த மகன்தான். 1929 டிசம்பர் 29-ல் காலமான மேபாக், கான்ஸ்டாட்டில் டைம்லர் புதைக்கப்பட்ட அதே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.